பின்னலாடைப் பாடத்தின் ஸ்லைடுகள்: பார்வை மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஏற்ப அமைக்கும் முறை

திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்ற கலைக் கல்லூரிகளானாலும், ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் உருவான நிப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியானாலும், வணிகவியல் முதல் நிட்டிங் தொழில்நுட்பம் வரை எல்லாப் பாடங்களிலும் விரிவுரை ஸ்லைடுகளின் துணையோடு நடைபெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஸ்லைடும் இரண்டு அடுக்குகள் கொண்டது. திரையில் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் ஒன்று, அத்தோற்றத்துக்குப் பின்னால் கோப்பினுள் பதிவாகியிருக்கும் எழுத்து, தலைப்பு, வரிசை ஆகியவை மற்றொன்று. பார்வையுள்ள மாணவர் முதல் அடுக்கைக் கொண்டே பாடத்தைப் புரிந்துகொள்கிறார். பார்வையற்ற மாணவரின் கணினிக்குக் கிடைப்பது இரண்டாம் அடுக்கு மட்டுமே. தோற்றத்தில் குறையே இல்லாத ஸ்லைடு ஒன்று கோப்பளவில் வெறுமையாக இருக்கக்கூடும் என்பதையும், அந்த வெறுமையை நிரப்ப வேண்டியவர் கணினிப் பிரிவின் பணியாளரல்லர், பாடத்தை நடத்தும் ஆசிரியரே என்பதையும் இவ்வியல் வலியுறுத்துகிறது.

பார்வை மாற்றுத்திறனாளி என்னும் சொல் ஒரே நிலையில் உள்ளவர்களைக் குறிப்பதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் வரையறைப்படி, கண்ணாடி முதலிய திருத்தத்துக்குப் பின்னும் மேம்பட்ட கண்ணின் பார்வைக்கூர்மை 3/60-க்கும் குறைவாகவோ பார்வைப்புலம் 10 பாகைக்கும் குறைவாகவோ இருப்பது பார்வையின்மை எனவும், கூர்மை 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரையிலோ பார்வைப்புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரையிலோ இருப்பது குறைபார்வை எனவும் வகுக்கப்பட்டுள்ளன. குறைபார்வையுடைய மாணவர் ஸ்லைடைப் பெரிதாக்கியும் நிறத்தை மாற்றியும் தம் கண்ணாலேயே படிக்க முயல்வார். பார்வையற்ற மாணவரோ திரைவாசிப்பான் எனப்படும் மென்பொருளைச் சார்ந்திருப்பார்; திரையில் உள்ள எழுத்தைக் குரலாக ஒலிப்பதும், இணைப்புக் கருவி இருந்தால் பிரெயில் புள்ளிகளாக மாற்றித் தருவதும் அதன் வேலை. ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைப்பதாலும், அதனுடன் வரும் குரல்பொறி தமிழையும் ஒலிப்பதாலும், விண்டோஸ் கணினி உள்ள எந்தக் கல்லூரியும் அதைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்னும் வசதி இதே பணியைச் செய்கிறது.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது போதுமானது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மேற்கண்ட சட்டத்தின் 32-ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுடையோருக்கு ஒதுக்குகிறது. 42-ஆம் பிரிவு ஒலி, அச்சு, மின்னணு வடிவங்களிலான உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் அமைய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்டது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஏற்ற வடிவில் ஸ்லைடு கேட்கும் மாணவர் சலுகை கேட்கவில்லை, தமக்குரியதைக் கேட்கிறார்.

எழுத்துருவும் குறியாக்கமும்

தமிழ் வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டியது எழுத்துருவின் அழகை அன்று, குறியாக்கத்தையே. குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்துக்கொள்ளும் எண். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உள்ளன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலோ ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டுள்ளன. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டச்சிட்ட சொல் திரையில் ‘அம்மா’ என்றே தெரிந்தாலும், கோப்பினுள் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் தொடராகவே இருப்பதால், திரைவாசிப்பான் அக்குறிகளைத்தான் ஒலிக்கும். ஒரு பருவம் முழுவதற்குமான பாடக் குறிப்பு இவ்வாறு அமைந்திருந்தால், அதில் ஒரு சொல்கூடப் பார்வையற்ற மாணவரைச் சென்றடையாது.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டிருந்தும், அச்சகங்களிலும் பழைய பாடக் குறிப்புகளிலும் பாமினி, வானவில் வகை எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. பழைய கோப்புகளை என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகளால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மாற்றியபின் ஒற்றுகளையும் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது தேவை, ஏனெனில் ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில் இக்கருவிகள் ஆங்கிலச் சொல்லையும் தமிழாக எண்ணிச் சிதைத்துவிடுவதுண்டு. கோப்பின் எழுத்துருப் பெயர் லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் என்பவற்றுள் ஒன்றாக இருந்தால், தட்டச்சு யூனிகோடில் அமைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

தலைப்பு, இடவமைப்பு, வாசிப்பு வரிசை

பவர்பாயின்ட் தரும் ஆயத்த அமைப்புகளில் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் தனித்தனி இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விடங்களில் தட்டச்சிட்ட எழுத்தே ‘இது தலைப்பு, இது பட்டியல்’ என்னும் அடையாளத்தோடு கோப்பில் பதிவாகிறது. வெற்று ஸ்லைடில் எழுத்துப்பெட்டிகளை வரைந்து, மேலே உள்ளதைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால், கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரியுமே தவிர, திரைவாசிப்பானுக்குத் தலைப்பற்ற ஸ்லைடாகவே தெரியும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: காட்சிப் பட்டியலில் உள்ள அவுட்லைன் பார்வையைத் திறந்தால், உரிய இடங்களில் தட்டச்சிட்டவை மட்டுமே அங்கு தோன்றும், தனிப் பெட்டிகளில் இட்டவை தோன்றா.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேறுபட்ட தலைப்பு வேண்டும். நாற்பது ஸ்லைடுகளில் பன்னிரண்டுக்கு ‘நிட்டிங்’ என்றே தலைப்பிருந்தால், தலைப்புப் பட்டியலைக் கேட்டு வேண்டிய இடத்துக்குச் செல்ல விரும்பும் மாணவர் பன்னிரண்டையும் திறந்து பார்க்க நேரிடும். ‘ரிப் துணி: ஊசிகளின் அமைப்பு’, ‘ரிப் துணி: நீட்சி’ என்று பிரித்து எழுதினால் அத்தொல்லை நீங்கும்.

வாசிப்பு வரிசை என்பது ஸ்லைடில் உள்ள பொருள்களைத் திரைவாசிப்பான் எடுத்துக்கொள்ளும் முறை. ஆசிரியர் கடைசியாகச் சேர்த்த பெட்டி, திரையில் மேலே இருந்தாலும், இறுதியிலேயே வாசிக்கப்படும். ஆல்ட் விசையுடன் எஃப்10 விசையை அழுத்தினால் தோன்றும் தேர்வுப் பலகத்தில் பொருள்களின் பட்டியல் கிடைக்கும். அதில் அடியில் உள்ளதே முதலில் வாசிக்கப்படும் என்பது புதியவர்களைக் குழப்பும் செய்தியாதலால் நினைவில் கொள்ளத்தக்கது. கல்லூரிச் சின்னம், ஓரக்கோடு போன்ற அணிகளை ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒட்டாமல் மாஸ்டர் ஸ்லைடில் வைத்துவிட்டால், ஸ்லைடுதோறும் அவை வாசிக்கப்படும் இடையூறு நேராது.

படத்துக்கு மாற்று உரை

பின்னலாடைக் கல்வியில் படத்தின் பங்கு மிகுதி. கண்ணியின் அமைப்பு, ஊசியின் இயக்கம், பேட்டர்ன் வரைவு, ஆலையின் நிகழ்முறை என யாவும் படமாகவே கற்பிக்கப்படுகின்றன. படத்தோடு இணைத்து, திரையில் தெரியாமல் கோப்பில் பதிவாகும் விளக்கத்தை மாற்று உரை என்பர். படத்தின்மீது வலச்சொடுக்கினால் அதை எழுதும் இடம் கிடைக்கும். மென்பொருளே ஊகித்து நிரப்பும் மாற்று உரையை நம்புவது தவறு. அது படத்தில் உள்ள உருவங்களைச் சொல்லக்கூடும், அப்படம் அவ்விடத்தில் எதற்காக வைக்கப்பட்டது என்பதை அறியாது. அதை அறிந்தவர் ஆசிரியர் ஒருவரே.

சிங்கிள் ஜெர்சி துணியின் கண்ணி வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘படம் 3: சிங்கிள் ஜெர்சி’ என்பது மாற்று உரையாகாது, அது படத்தின் பெயரைத் திரும்பச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிப்பதே ஸ்லைடின் நோக்கமாயின், உரை பின்வருமாறு அமையலாம்: ‘இடப்படம் துணியின் முன்பக்கம், ஒவ்வொரு கண்ணியின் இரு கால்களும் கீழ்நோக்கிக் குவிந்து, தன் கீழுள்ள கண்ணியின் தலையை மறைத்து மேலாகப் படிந்துள்ளன, ஆகவே செங்குத்துப் பத்திகள் தெரிகின்றன. வலப்படம் பின்பக்கம், கால்கள் மறைந்து, கண்ணித் தலைகளின் அரைவட்டங்கள் கிடைவரிசையாகத் தெரிகின்றன.’ செங்குத்துப் பத்தியை வேல் என்றும் கிடைவரிசையை கோர்ஸ் என்றும் தொழிலில் வழங்குவதை முந்தைய ஸ்லைடு கற்பித்திருந்தால், உரையிலும் அச்சொற்களையே ஆளலாம். அதே படம் கண்ணி நீளத்தைக் கற்பிக்க வைக்கப்பட்டிருந்தால், மேற்கண்ட உரை முழுவதும் பயனற்றதாகி, நூல் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளக்கப்படுகிறது என்பதே உரையாக வேண்டும். ஒரு படத்துக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே மாற்று உரை கிடையாது.

மாற்று உரை ஓரிரு வாக்கியங்களுக்குள் அடங்குவது நலம். அதற்குள் அடங்காத படத்தின் முழு விளக்கத்தை ஸ்லைடின் கீழுள்ள குறிப்புப் பகுதியில் எழுதி, ‘விரிவு குறிப்பில்’ என்று மாற்று உரையில் சுட்டலாம். நிகழ்முறைப் படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதன் பின்னர் இப்பகுதியில் நிலைபெற்ற கழிவுநீர் வெளியேற்றமில்லா முறை, சூழலியல் பாடத்திலும் வெட் பிராசசிங் பாடத்திலும் அம்புக்குறிகள் நிறைந்த படமாகக் காட்டப்படுவதுண்டு. பெட்டிகளும் அம்புகளுமாக உள்ள அப்படத்தைத் திரைவாசிப்பான் பெட்டி, அம்பு எனத் தனித்தனியாகவே வாசிக்கும்; எது எதனோடு இணைகிறது என்பதைச் சொல்லாது. பெட்டிகளை ஒரே தொகுதியாக இணைத்து, குறிப்புப் பகுதியில் எண்ணிட்ட படிகளாக எழுதுவதே தீர்வு: 1. சாயப்பட்டறைக் கழிவுநீர் சமன்படுத்தும் தொட்டியில் சேர்கிறது. 2. உயிரியல் சுத்திகரிப்புக்கு உள்ளாகிறது. 3. எதிர்ச் சவ்வூடுபரவலில் இரண்டாகப் பிரிகிறது: நன்னீர் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது, உப்பு மிகுந்த எஞ்சிய நீர் நான்காம் படிக்குச் செல்கிறது. 4. ஆவியாக்கியில் நீர் பிரிந்து உப்பு எஞ்சுகிறது. அம்புக்குறி கிளைபிரியும் இடமே இப்படத்தின் உயிர்நாடி. அதைச் சொல்லாத விளக்கம் எத்துணை நீண்டிருந்தாலும் பயனில்லை.

அட்டவணையும் சூத்திரமும்

எக்செல் அட்டவணையைப் படமாகப் பிடித்து ஸ்லைடில் ஒட்டும் வழக்கம் அளவுப் பட்டியல்களிலும் டெக் பேக் எனப்படும் ஆடை விவரக் குறிப்பின் பக்கங்களிலும் பரவலாக உள்ளது. ஒட்டியபின் அது ஒரு படமே; அதில் எண்கள் இல்லை. அட்டவணையை ஸ்லைடிலேயே அமைத்து, முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்து, கட்டங்களை ஒன்றிணைக்காமல் விட்டால், திரைவாசிப்பான் ஒவ்வொரு கட்டத்தையும் அதன் தலைப்போடு வாசிக்கும். துணிச் செக்கிங்கில் பயன்படும் நாற்புள்ளி முறையை எடுத்துக்கொண்டால், 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி, 3-க்கு மேல் 6 வரை 2, 6-க்கு மேல் 9 வரை 3, 9-க்கு மேற்பட்டதற்கு 4 என்னும் நான்கு வரிகளை இரண்டே பத்திகளில் அமைத்துவிடலாம். இதற்கு அலங்காரப் படம் எதுவும் தேவையில்லை.

சூத்திரத்தில் சிக்கல் வேறு வகையானது. கண்ணி இறுக்கக் கெழு என்பது, நூலின் பருமனைக் குறிக்கும் டெக்ஸின் வர்க்கமூலத்தைச் சென்டிமீட்டரில் அளந்த கண்ணி நீளத்தால் வகுத்துக் கிடைப்பது. 590.5-ஐ நூல் எண்ணால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்குமாதலால், 30-ஆம் நம்பர் நூலின் டெக்ஸ் ஏறத்தாழ 19.7, கண்ணி நீளம் 0.27 சென்டிமீட்டரானால் கெழு ஏறத்தாழ 16.4. ஆசிரியர் இதை ‘ரூட் டெக்ஸ் பை எல்’ என்று மட்டும் சொன்னால், வர்க்கமூலக் குறி டெக்ஸோடு முடிகிறதா, கண்ணி நீளத்தையும் உள்ளடக்குகிறதா என்பது காதால் அறியக்கூடியதன்று; இரண்டாம் பொருளில் கணக்கிட்ட மாணவருக்கு 8.5 என்னும் விடையே கிடைக்கும். சூத்திரத்தைப் படமாக ஒட்டாமல் சமன்பாட்டுக் கருவியில் அமைப்பதும், அதன் கீழே ‘முதலில் டெக்ஸின் வர்க்கமூலம் காண்க; பின் அதைக் கண்ணி நீளத்தால் வகுக்க’ என்று சொற்களில் எழுதுவதும் எல்லா மாணவருக்கும் உதவும்.

நிறமும் அளவும்

குறைபார்வையுடைய மாணவருக்கு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு முதன்மையானது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதத்தையும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்னும் விகிதத்தையும் விதிக்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21 என்னும் உச்ச விகிதம் பெறுகிறது. வெள்ளையில் தூய சிவப்பு ஏறத்தாழ 4 மட்டுமே. வெள்ளையில் மஞ்சள் 1-ஐச் சற்றே தாண்டுகிறது. எழுத்தளவு 24 புள்ளிக்குக் குறையாதிருப்பதும், துணியின் புகைப்படத்தைப் பின்புலமாக்கி அதன்மேல் எழுதாதிருப்பதும் நல்லது.

நிறம் ஒன்றை மட்டுமே செய்தியாக்கக் கூடாது. ‘சிவப்பில் உள்ளவை தாமதமான ஆர்டர்கள்’ என்பதற்கு மாறாக, அவ்வரிகளின் இறுதியில் ‘தாமதம்’ என்னும் சொல்லையே சேர்க்கலாம். லேப் டிப் எனப்படும் சாய மாதிரி பற்றிய பாடத்தில் நிறத்தின் பெயரையும் பேண்டோன் எண்ணையும் ஒருங்கே எழுதினால், பார்வையற்ற மாணவரும் வணிகக் கடிதத்தில் அந்நிறத்தைப் பிழையின்றிக் குறிப்பிட முடியும். மெர்ச்சண்டைசிங் பணியில் நிறம் பெரும்பாலும் எண்ணாகவே கைமாறுகிறது.

ஸ்லைடுக்கு வெளியே: தொடுபொருள்

பின்னலாடைப் பாடத்துக்கு வேறு பல பாடங்களுக்கு இல்லாத பேறு ஒன்று உண்டு: படத்தில் உள்ள பொருளையே மாணவரின் கையில் கொடுத்துவிடலாம். ஒரு ஸ்லைடை எவ்வளவு திருத்தினாலும் தராத அறிவை ஒரு துண்டுத் துணி தந்துவிடும். சிங்கிள் ஜெர்சியைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தால், பக்கவாட்டு ஓரங்கள் துணியின் பின்பக்கமாகவும், மேல்-கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருண்டுகொள்வதை விரலால் உணர்ந்து, முன்பக்கம் எது என்பதை மாணவர் தாமே கண்டறிவார். ரிப் சுருளாது, அகலவாக்கில் நன்கு இழுபடும்; இன்டர்லாக் இருபுறமும் வழுவழுப்பாக, சுருளாமல், கனமாக இருக்கும்; ரைசிங் செய்த ஃப்ளீஸின் பின்புறம் தொட்டதுமே தெரியும். ஓவர்லாக் தையலையும், தொழிலாளர் பேட்லாக் என வழங்கும் கவர் தையலையும் பின்புறத் தடவலாலேயே பிரித்தறிய இயலும். ஜி.எஸ்.எம். கட்டரால் வெட்டிய வட்டத்துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதன் எடையைக் கிராமில் கண்டு 100-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குரிய எடை கிடைக்கும் என்னும் பாடத்துக்கு, 140, 180, 240 ஜி.எஸ்.எம். வட்டங்கள் மூன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்குவதே சிறந்த முறை.

துணித்துண்டை அட்டையில் ஒட்டும்போது முழுவதும் ஒட்டாமல் மேல்விளிம்பை மட்டும் ஒட்டினால் இருபுறமும் தொட முடியும். அட்டையின் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டால் எந்தப் பக்கம் மேல் என்பது தெரியும். ஸ்லைடு எண்ணைப் பிரெயிலில் ஒட்டினால் அட்டையும் ஸ்லைடும் இணைந்துவிடும். கண்ணி வரைபடத்துக்கு விலையுயர்ந்த புடைப்புத்தாள் தேவையில்லை. ஹூடிக்குக் கோக்கும் தடித்த நாடாவைப் பலகையில் ஆணியடித்துக் கண்ணிகளாக வளைத்து, அடுத்தடுத்த கோர்ஸ்களுக்கு அடர் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி வைத்தால், பார்வையற்றவர் தொட்டும் குறைபார்வையுடையவர் கண்டும் படிக்கத்தக்க மாதிரி உருவாகும். இதற்கு வேண்டிய நாடாவும் கட்டிங் வேஸ்ட்டும் திருப்பூரில் எளிதில் கிடைப்பவை.

வகுப்பிலும் பகிர்விலும்

நன்கு அமைத்த ஸ்லைடையும் ஆசிரியரின் பேச்சு வீணாக்கிவிடக்கூடும். ‘இது இங்கிருந்து இப்படி வருகிறது’ என்று லேசர் ஒளியால் காட்டும்போது பார்வையற்ற மாணவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ‘சிலிண்டர் ஊசி மேலேறும்போது பழைய கண்ணி தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தண்டுக்கு இறங்குகிறது’ என்று சொன்னால் எல்லோருக்கும் கிடைக்கிறது. காணொளியைத் தொடர்ச்சியாக ஓடவிடாமல், இடையிடையே நிறுத்தி நடந்ததைச் சொல்வதும் இவ்வாறே.

கோப்பை வகுப்புக்கு முந்தைய நாளே மாணவருக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் ஆசிரியரின் குரலையும் திரைவாசிப்பானின் குரலையும் ஒரே நேரத்தில் கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். அனுப்புவது மூலக் கோப்பாகவே இருக்கட்டும். பிடிஎஃப் ஆக்க நேர்ந்தால், அச்சிடும் வழியைத் தவிர்த்து, சேமிக்கும் வழியில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தெரிவை இட்டுச் சேமிக்க வேண்டும். கரும்பலகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் பயனில்லை. பாடநூலின் பக்கங்களை மாற்றித் தருவதில் பதிப்புரிமை குறித்து அஞ்சத் தேவையில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் அணுகத்தக்க வடிவில் படியெடுப்பதை அனுமதிக்கிறது.

பவர்பாயின்டின் ரிவியூ பட்டியலில் உள்ள அணுகல்தன்மைச் சோதிப்பான் விடுபட்ட தலைப்பையும் மாற்று உரையையும் சுட்டிக்காட்டும். எழுதிய உரை சரியா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆசிரியர் என்.வி.டி.ஏ.-வை இயக்கி, மானிட்டரை அணைத்துவிட்டு, தம் ஸ்லைடுகளைத் தாமே ஒருமுறை கேட்க வேண்டும். பின்னர் அம்மாணவரிடமே எந்த இடம் புரியவில்லை என்று கேட்டு அறிய வேண்டும். பழைய ஸ்லைடுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் திருத்த முயன்று சோர்வதைவிட, வரும் வாரத்துக்குரிய ஒரு பாட அலகை இன்றே எடுத்துக்கொள்வது மேல். இப்பணிக்குச் செலவாகும் மணிகளை ஆசிரியரின் தனிப்பட்ட தொண்டாக விட்டுவிடாமல், பாட ஆயத்தத்தின் பகுதியாகவே பணிநேரத்தில் கணக்கிடுமாறு கல்லூரி நிருவாகங்கள் ஆணை பிறப்பிக்க வேண்டும்.